ஸ்டாலின்கிராடிலிருந்து மனைவிக்கு வந்த கிறிஸ்துமஸ் கடிதமும் கரிப்படமும்: சில ஐயங்கள்

நெல்லைவாசி:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் வாசிப்பு வட்டத்தின் டிசம்பர்க் கூட்டத்தில், போர்க்காலத்துக் கிறிஸ்துமஸ் நாளில் படைவீரர்கள் மனைவியருக்கு எழுதிய கடிதங்களைப் பற்றிப் பேசும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். இந்தத் தலைப்பு என்றாலே 1914இல் ஆங்கிலேயரும் ஜெர்மானியரும் பதுங்குகுழிகளை விட்டு வெளியே வந்து கைகுலுக்கிக்கொண்ட கதையைத்தான் எல்லோரும் எடுப்பார்கள் என்பதால், நான் 1942ஆம் ஆண்டை எடுத்துக்கொண்டேன். ஸ்டாலின்கிராடில் சோவியத் படைகள் சுற்றி வளைத்திருந்த ஜெர்மானிய ஆறாவது படையில் மருத்துவராக இருந்த குர்ட் ராய்பர், ஒரு ரஷ்ய நிலப்படத்தின் பின்புறத்தில் தாயும் சேயுமாக ஒரு கரிப்படம் வரைந்து, கடிதத்தோடு தம் மனைவிக்கு அனுப்பினார் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும்.

எனக்குச் சில ஐயங்கள் உள்ளன. நாலாபுறமும் வழி அடைபட்ட இடத்திலிருந்து, ஒரு மீட்டர் உயரமுள்ள அந்தத் தாள் எப்படி வெளியே வந்தது? படத்தைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். கடிதத்தில் வேறு என்னதான் இருக்கிறது? ஸ்டாலின்கிராடிலிருந்து வந்த கடைசிக் கடிதங்கள் என்று ஒரு தொகுப்பு பல மொழிகளில் உலவுகிறதே, அதிலிருந்தும் ஒன்றிரண்டு வாசிக்கலாமா? இவற்றையெல்லாம் விட என்னைத் தயங்க வைப்பது, வட்டத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்ட கேள்விதான். “அடுத்தவன் நாட்டுக்குள் புகுந்த படையைச் சேர்ந்தவன், அங்கே மாட்டிக்கொண்ட பிறகு பெண்டாட்டிக்கு உருக்கமாக எழுதினான் என்பதற்காக நாம் ஏன் உருக வேண்டும்?” என்று அவர் கேட்டபோது, எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. விவரம் அறிந்தவர்கள் உதவ வேண்டுகிறேன்.

பழையஏடு:

நல்ல தேர்வு. கடிதத்திலிருந்தே தொடங்குகிறேன்.

ராய்பர் 1906இல் காசல் நகரில் பிறந்தவர். இறையியல் படித்து, ஹெஸ்ஸே பகுதியின் ஒரு கிராமத்தில் புராட்டஸ்டன்ட் போதகராக இருந்துகொண்டே மருத்துவமும் படித்தார். போதகராகவும் மருத்துவராகவும் ஆப்பிரிக்காவில் பணியாற்றிய ஆல்பர்ட் ஷ்வைட்ஸரோடு அவருக்கு நட்பு இருந்தது. ஓவியம் அவர் முறையாகப் பயின்ற தொழில் அல்ல; ஆனால் போன இடமெல்லாம் வரைந்துகொண்டே இருந்தவர். 1942 டிசம்பரில் அவர் 16ஆவது பான்சர் பிரிவின் (டாங்கிப் படைப்பிரிவின்) மருத்துவர்; வயது 36.

படம் வரைந்த விதத்தை மனைவிக்கு அவர் விவரித்திருப்பது, ஒரு கலைஞன் தன் பட்டறையைச் சுற்றிக் காட்டுவதைப் போலவே இருக்கிறது. உறைந்த மண்ணுக்குள் தோண்டிய குழிதான் அவருடைய ஓவியக்கூடம். இடம் மிகவும் குறுகலானது என்பதால், விலகி நின்று படத்தை முழுதாகப் பார்க்க முடியவில்லை. ஆகவே ஒரு முக்காலியின் மேல் ஏறி நின்று, மேலிருந்து கீழே பார்த்துத்தான் அளவுகளைச் சரிசெய்தாராம். பென்சில்கள் கீழே விழுந்து சேற்றுக்குள் மறைந்துவிடுகின்றன. படத்தைச் சாய்த்து வைக்க, கையால் அடித்த ஒரு சாய்வு மேசையைத் தவிர எதுவும் இல்லை. அந்த மேசையையும் உடம்பை ஒடுக்கிக்கொண்டுதான் தாண்ட வேண்டும். சுற்றிலும் மரமற்ற புல்வெளி. ரொட்டிப் பங்கு நாளொன்றுக்கு 100 கிராம் அளவுக்கு இறங்கிவிட்டது. படைக் குதிரைகளை அறுத்துத் தின்றுகொண்டிருந்தார்கள். அந்த நிலையிலும், இந்தப் படத்தில் தான் எவ்வளவு ஆழ்ந்துபோனேன் என்பதை உனக்கு எப்படிச் சொல்வது என்று மனைவியிடம் கேட்கிறார்.

படத்தில் ஒரு தாய் அமர்ந்திருக்கிறாள். அவளுடைய தலையும் குழந்தையின் தலையும் ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்திருக்க, பெரிய போர்வை ஒன்று இருவரையும் மூடியிருக்கிறது. ஓரத்தில் ஒளி, வாழ்வு, அன்பு என்று விவிலியத்தின் யோவான் நற்செய்தியை நினைவுபடுத்தும் மூன்று சொற்கள். ஜெர்மானிய வீடுகளில் டிசம்பர் 24 மாலை வரை கிறிஸ்துமஸ் அறையைப் பூட்டி வைத்து, பிள்ளைகள் வெளியே காத்திருக்க, நேரம் வந்ததும் கதவைத் திறப்பது வழக்கம். ராய்பர் அந்த வழக்கத்தைப் பதுங்குகுழியிலும் விடவில்லை. பலகைகளை அடித்துச் செய்த கதவை அவர் திறந்துவிட, உள்ளே வந்தவர்கள் களிமண் சுவரில் இருந்த படத்தின் முன் வாய் பேசாமல் நின்றார்கள் என்று எழுதுகிறார்.

கிறிஸ்துமஸ் மலர்களில் வரும் கட்டுரைகள் பெரும்பாலும் இந்த இடத்தோடு நின்றுவிடுகின்றன. கடிதம் நிற்கவில்லை. அன்று மாலை மருத்துவர்களும் நோயாளிகளும் ஒன்றாகக் கூடினார்கள். படைத்தலைவர் தம்மிடம் எஞ்சியிருந்த கடைசி ஷாம்பெயின் புட்டியை நோயாளிகளுக்குக் கொடுத்திருந்தார். குவளைகளை உயர்த்தி, வீட்டிலிருக்கும் அன்பானவர்களுக்காகக் குடிக்கப்போன நேரத்தில், நாக்கில் ஒரு சொட்டுப் படுவதற்குள் வெளியே குண்டுகள் விழுந்தன. எல்லோரும் தரையோடு தரையாகப் படுத்தார்கள். ராய்பர் மருந்துப் பையை எடுத்துக்கொண்டு ஓடினார். கொஞ்ச நேரத்துக்கு முன்பு வரை பண்டிகை அலங்காரத்தோடு இருந்த அவருடைய குழி, காயங்களுக்குக் கட்டுப் போடும் இடமாயிற்று. தலையில் அடிபட்டுச் செத்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர், சற்று முன் அவர்களோடு அமர்ந்திருந்தவர். காவல் பணிக்குக் கிளம்பும்போது, இந்தப் பாட்டை முடித்துவிட்டுப் போகிறேன் என்று சொல்லி, மகிழ்ச்சி பொங்கும் கிறிஸ்துமஸ் பாட்டு ஒன்றை எல்லோரோடும் சேர்ந்து பாடி முடித்தவர். இதையும் அதே கடிதத்தில், அந்த இரவு முடியுமுன்னரே, மனைவிக்கு எழுதுகிறார்.

என் கருத்தில் அந்தக் கடிதத்தின் பெருமை இதில்தான் இருக்கிறது. வீட்டுக்கு எழுதுகிற வீரன் பொதுவாக நல்லதை மட்டுமே எழுதுவான். சாப்பாடு கிடைக்கிறது, கம்பளி இருக்கிறது, கவலைப்படாதே என்று நாலு வரியில் முடித்துக்கொள்வான். இவர் மனைவியை அப்படி ஆற்றுப்படுத்த முயலவில்லை. கூட்டத்தில் வாசிப்பதானால் இரண்டு பாதிகளையும் வாசியுங்கள்.

அஞ்சல்நேயன்:

கடிதம் வெளியே வந்த வழியைப் பற்றி நான் சொல்கிறேன். பழைய இராணுவ அஞ்சலைச் சேகரிப்பவன் என்பதால் இதில் எனக்குக் கொஞ்சம் பழக்கம் உண்டு.

ஜெர்மானியப் படைவீரரின் சாதாரணக் கடிதத்துக்குத் தபால்தலை தேவையில்லை. இருக்கும் இடத்தின் பெயரை எழுதக்கூடாது; படைப்பிரிவுக்கென ஒதுக்கிய ஐந்து இலக்க எண்தான் முகவரி. வானஞ்சலுக்கு மட்டும் 1942 வசந்தகாலம் முதல் ஒரு தனி வில்லை தேவைப்பட்டது. அதை மாதத்துக்கு இத்தனை என்று அளந்து கொடுத்தார்கள். எல்லாக் கடிதத்தையும் தணிக்கையாளர் படித்தார் என்று நினைக்க வேண்டாம். மூட்டையில் கைவிட்டு எடுத்த சிலவற்றைத்தான் பிரித்துப் பார்த்தார்கள். ஆனால் தன் கடிதம் அந்தச் சிலவற்றில் ஒன்றாக இருக்குமோ என்பது எழுதுகிறவனுக்குத் தெரியாது என்பதால், அச்சம் மட்டும் எல்லோருக்கும் இருந்தது.

1942 நவம்பர் 19 அன்று தொடங்கிய சோவியத் தாக்குதல் நான்கே நாட்களில் வளையத்தை மூடியது. உள்ளே இருந்தவர்கள் இரண்டரை இலட்சத்துக்கும் மேல். அதன் பிறகு தரைவழி அஞ்சல் இல்லை, எல்லாம் விமானம்தான். நாளொன்றுக்கு 500 டன் சரக்கை வானத்திலிருந்து இறக்குவோம் என்று ஜெர்மானிய விமானப்படைத் தலைவர் கோரிங் கொடுத்த வாக்கு, நடைமுறையில் சராசரியாக நூறு டன்னைச் சுற்றியே நின்றது. உணவும் எரிபொருளும் குண்டுகளும் இறக்கிய யுங்கர்ஸ் சரக்கு விமானங்கள் திரும்பும்போது காயம்பட்டவர்களை ஏற்றிச் சென்றன. அவர்களோடு அஞ்சல் மூட்டைகளும் ஏறின. மூட்டைக்கு இடம் கண்டுபிடிப்பது கடினமில்லை, காயம்பட்டவனுக்குத்தான் கடினம்.

கிறிஸ்துமஸ் முந்திய நாள் என்ன நடந்தது என்பதையும் கூட்டத்தில் சொல்லுங்கள். தெற்கிலிருந்து வளையத்தை உடைக்க வந்த ஜெர்மானியத் தளபதி மான்ஸ்டைனின் படைகள் டிசம்பர் 23ஆம் தேதியே முன்னேற முடியாமல் நின்றுவிட்டன. 24ஆம் தேதி காலை, சரக்கு விமானங்கள் புறப்படும் முக்கியத் தளமான தத்சின்ஸ்காயாவுக்குள் சோவியத் டாங்கிகள் புகுந்தன. விமானங்கள் பனிமூட்டத்தில் தப்பிப் பறந்ததுபோக, ஏராளமானவை ஓடுதளத்திலேயே நொறுங்கின. ராய்பர் கதவைத் திறந்துவிட்ட அந்த மாலையில், அவர்களுக்கு ரொட்டி கொண்டுவந்த தளமும் இல்லை, மீட்க வந்த படையும் இல்லை.

படம் சாதாரண அஞ்சலில் வரவில்லை. அதே பான்சர் பிரிவைச் சேர்ந்த ஓர் அதிகாரி வளையத்தைவிட்டு விமானத்தில் வெளியேறியபோது, சுருட்டிய படத்தையும் ராய்பரின் கடிதங்களையும் கையோடு கொண்டுபோனார். பல நூல்கள் அதைக் கடைசி விமானம் என்கின்றன. ஸ்டாலின்கிராடைப் பற்றிய நினைவுக் குறிப்புகளில் ஏறக்குறைய எல்லோருமே கடைசி விமானத்தில்தான் வருகிறார்கள்; நீங்கள் கடைசி விமானங்களில் ஒன்று என்று சொன்னால் போதும். முக்கிய விமானத்தளமான பிதோம்னிக் ஜனவரி 16 அன்று விழுந்தது. அதன்பின் அங்கிருந்து வெளியேறுவது மிக அரிதாயிற்று.

நீங்கள் குறிப்பிட்ட தொகுப்பை வாசிக்காதீர்கள். அது 1950களின் தொடக்கத்தில், எழுதியவர் பெயரோ படை அஞ்சல் எண்ணோ இல்லாமல் வந்தது. மூலக் கடிதங்களை யாரும் காட்டவில்லை. அதை உண்மையான ஆவணமாக வரலாற்றாசிரியர்கள் ஏற்பதில்லை. ஒவ்வொரு கடிதமும் ஒரு சிறுகதை மாதிரி கச்சிதமாக முடிகிறது. மூட்டையிலிருந்து வரும் உண்மையான கடிதம் அப்படி இருக்காது. பாதிக் கடிதம் காலுறை அனுப்பச் சொல்வதாகத்தான் இருக்கும்.

கரிசல்:

மேலே இருவரும் நன்றாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் அந்த மூத்த உறுப்பினரின் கேள்விக்கு யாரும் பக்கத்தில் போகவில்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதைக் கூட்டத்தில் ஒதுக்கிவிடக் கூடாது.

ராய்பரின் பிரிவு எது என்று பார்த்தோம்: 16ஆவது பான்சர். 1942 ஆகஸ்ட் 23 அன்று நகரத்துக்கு வடக்கே முதலில் வோல்கா நதியைத் தொட்ட பிரிவு அதுதான். அன்றைக்கே விமானங்கள் நகரத்தின் மேல் குண்டுமழை பொழிந்து, பொதுமக்களை ஆயிரக்கணக்கில் கொன்றன. அந்தப் பிரிவின் டாங்கிகளை எதிர்த்து நின்ற விமான எதிர்ப்புப் பீரங்கிகளை இயக்கியவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள். பீரங்கிகள் மௌனமான பிறகுதான் தாங்கள் பெண்களோடு சண்டையிட்டிருக்கிறோம் என்பது ஜெர்மானியருக்குத் தெரிந்தது. அந்தப் பெண்களுக்கும் வீடு இருந்தது, கடிதத்துக்குக் காத்திருந்தவர்கள் இருந்தார்கள்.

ஆறாவது படையின் வரலாறு ஸ்டாலின்கிராடில் தொடங்கவுமில்லை. 1941 செப்டம்பர் 29, 30 தேதிகளில் கீவ் நகரை அடுத்த பாபி யார் பள்ளத்தாக்கில் 33,771 யூதர்கள் கொல்லப்பட்டபோது, அந்தப் பகுதி இந்தப் படையின் பொறுப்பில்தான் இருந்தது. அதற்கு முந்தைய மாதம் பேலயா ட்செர்கோவ் ஊரில், பெற்றோர் ஏற்கெனவே கொல்லப்பட்டுவிட, ஏறத்தாழ 90 குழந்தைகள் ஒரு வீட்டில் அடைக்கப்பட்டிருந்தார்கள். படையோடு இருந்த போதகர்கள் அதைக் கண்டு மேலே புகார் செய்தார்கள், ஹெல்முட் க்ரோஸ்குர்ட் என்ற அதிகாரி தடுக்க முயன்றார், படைத்தளபதி ரைஷனவ் நடக்க வேண்டியது நடக்கட்டும் என்றார், குழந்தைகள் சுடப்பட்டார்கள். அந்த க்ரோஸ்குர்ட்டும் பின்னர் ஸ்டாலின்கிராட் வளையத்துக்குள் சிக்கி, 1943 ஏப்ரலில் கைதியாக இறந்தார். தாயும் சேயும் ஒரு போர்வைக்குள் இருக்கும் படத்தைப் பார்க்கும்போது எனக்கு அந்த வீட்டின் நினைவு வராமல் இருப்பதில்லை.

ராய்பர் இதிலெல்லாம் கைவைத்தார் என்று நான் சொல்லவில்லை. அவர் மருத்துவர். ஆனால் அவருடைய கடிதத்தை மட்டும் வாசித்தால், கேட்பவர்களுக்குப் பாவம் ஜெர்மானியர் என்ற எண்ணம்தான் மிஞ்சும். வளையத்துக்குள்ளேயே ஜெர்மானியர் பிடித்து வைத்திருந்த சோவியத் கைதிகள், காவலர்களுக்கே ரொட்டி இல்லாத நிலையில், பட்டினியால் மடிந்தார்கள். நகரத்து மக்களும் இடிபாடுகளுக்குள் இருந்தார்கள். ஆகவே அதே போர்முனையின் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்த கடிதங்களைப் பற்றியும் பேசுங்கள். சோவியத் வீரர்களுக்கு உறை கிடைப்பதில்லை. எழுதிய தாளையே முக்கோணமாக மடித்து, மேலே முகவரியை எழுதினார்கள். தபால்தலை வேண்டாம், தணிக்கையாளர் பிரிக்க வசதியாக ஒட்டாமலும் விட்டார்கள். அவர்களுக்குக் கிறிஸ்துமஸைவிடப் புத்தாண்டே குடும்பப் பண்டிகை, மரம் அலங்கரிப்பதும் புத்தாண்டுக்குத்தான். ஆகவே உங்கள் கூட்டத்துக்கு ஒரு வாரம் தள்ளிப் பொருந்தும்.

பழையஏடு:

கரிசல் சொன்ன செய்திகளில் எனக்கு மறுப்பில்லை. பேலயா ட்செர்கோவைக் குறிப்பிட்டதற்கு நன்றி. படைக்குள்ளிருந்தே வாய் திறந்தவர்களும் இருந்தார்கள் என்பது அதில் தெரிகிறது. ஆனால் ஒன்று: படையின் குற்றப்பட்டியலை முதலில் வாசித்துவிட்டுப் பிறகு கடிதத்தை எடுத்தால், கேட்பவர்கள் கடிதத்தைக் காதில் வாங்கமாட்டார்கள், குற்றவாளிக் கூண்டில் நிற்பவரின் வாக்குமூலத்தைக் கேட்பதைப் போலத்தான் கேட்பார்கள். கடிதத்தை முதலில் வாசியுங்கள். அது அவர்களைத் தொட்ட பிறகு, இந்தப் பிரிவு அங்கே எப்படி வந்தது என்று சொல்லுங்கள். அப்போதுதான் மூத்தவரின் கேள்வி அவருடைய கேள்வியாக மட்டும் இல்லாமல், அங்கே அமர்ந்திருக்கும் எல்லோருடைய கேள்வியாகவும் மாறும். அதற்கு நீங்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்பதும் இல்லை.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். ரஷ்யாவில் இருந்த காலத்தில் ராய்பர் வரைந்த முகங்களில் பெரும்பாலானவை ஜெர்மானியர் முகங்கள் அல்ல; தலைத்துணி கட்டிய கிராமத்துப் பெண்கள், முதியவர்கள், குழந்தைகள் என்று ரஷ்யர்களின் முகங்களே. பகைவன் என்று சொல்லிக்கொடுக்கப்பட்ட முகத்தை உட்கார்ந்து கவனித்து வரைந்தவர் அவர் என்பது மட்டும் அவற்றிலிருந்து தெரிகிறது. படையின் கணக்கு அதனால் தீர்ந்துவிடாது.

நெல்லைவாசி:

மூவருக்கும் நன்றி. பழையஏடு ஐயா சொன்ன வரிசையிலேயே பேசலாம் என்று இருக்கிறேன்: கடிதம் முழுவதும் முதலில், பிறகு ஆகஸ்ட் 23, பிறகு முக்கோணக் கடிதங்கள். பேலயா ட்செர்கோவைச் சொல்லும் துணிவு அன்றைக்கு வருமா என்பது தெரியவில்லை. கூட்டத்துக்குப் பிள்ளைகளும் வருவார்கள். கடைசியாக ஒன்று: ராய்பரும் அவர் மனைவியும் பிறகு என்ன ஆனார்கள்? படம் இப்போது எங்கே இருக்கிறது?

பழையஏடு:

அவர்கள் மறுபடி சந்திக்கவில்லை. 1943 ஜனவரி 31 அன்று ஆறாவது படையின் தளபதி பவுலஸும், பிப்ரவரி 2 அன்று வடக்குப் பகுதியில் எஞ்சியிருந்தவர்களும் சரணடைந்தார்கள். ஏறத்தாழ 91,000 பேர் சிறைபட்டதில் ஆறாயிரம் பேர் அளவுக்கே ஊர் திரும்பினார்கள். ராய்பர் காமா ஆற்றங்கரையில் உள்ள யெலபுகா முகாமில் வைக்கப்பட்டார். 1943 கிறிஸ்துமஸுக்கு அங்கேயும் தாயும் சேயுமாக இன்னொரு படம் வரைந்தார். அதில் தாயின் முகம் முதல் படத்தைவிட ஒடுங்கியிருக்கும். அந்த ஆண்டு திருவருகைக் காலத்தில் (கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில்), ஜெர்மானிய மனைவிக்கும் தாய்க்கும் என்று விளித்து ஒரு நீண்ட மடலும் எழுதினார். சில வாரங்களில், 1944 ஜனவரி 20 அன்று, முகாமிலேயே இறந்தார்.

முதல் படத்தைக் குடும்பத்தினர் பல ஆண்டுகள் வீட்டிலேயே வைத்திருந்துவிட்டு, 1983இல் பெர்லினில் உள்ள கைசர் வில்ஹெல்ம் நினைவுத் தேவாலயத்துக்குக் கொடுத்தார்கள். 1943 நவம்பர் விமானத் தாக்குதலில் இடிந்து, கோபுரத்தின் சிதைவை அப்படியே விட்டுவைத்திருக்கும் தேவாலயம் அது. ஜெர்மானியக் குண்டுகள் 1940இல் அழித்த இங்கிலாந்தின் காவன்ட்ரி பேராலயத்திலும், பழைய ஸ்டாலின்கிராடான வோல்கோகிராடின் கசான் பேராலயத்திலும் அதன் பிரதிகள் இருக்கின்றன.

படத்தைத் திரையில் காட்டுவதானால் ஓரம் வெட்டப்படாத பிரதியைத் தேடி எடுங்கள். ஒளி, வாழ்வு, அன்பு என்ற சொற்களோடு, வளையத்துக்குள் கிறிஸ்துமஸ் 1942 என்றும், ஸ்டாலின்கிராட் கோட்டை என்றும் ராய்பர் ஓரங்களில் எழுதியிருக்கிறார். கோட்டை என்பது ஹிட்லரின் தலைமையகம் அந்த இடத்துக்குச் சூட்டிய பெயர்; பின்வாங்காமல் அங்கேயே இருங்கள் என்ற கட்டளையோடு வந்த பெயர். அதையும் அவர் அதே கரியால் எழுதியிருக்கிறார் என்பதைக் கரிசலும் கவனித்திருப்பார் என்று நினைக்கிறேன்.